யூதத் தெருவில் ஒரு ஜெர்மன் கழுகு

கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் சுற்றுலா வரும் நண்பர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி ஒரே மாதிரியான படம் வரும். அரண்மனையைப் பார்த்துவிட்டு, யூதத் தெருவில் 1568-ல் கட்டிய யூத வழிபாட்டிடமான பரதேசி சினகாக்குக்கு நடக்கிற வழியில் ஏதாவது பழம்பொருள் கடைக்குள் ஏறியிருப்பார்கள். உருளி, கப்பல் மணி, தேக்குப் பெட்டி இவற்றுக்கு நடுவில் ஒரு தட்டு. அதில் பழைய நாணயங்களோடு சேர்ந்து கிடக்கும், சிறகு விரித்த ஒரு கழுகு. "ஜெர்மன் பைலட் பேட்ஜ், செகண்ட் வேர்ல்ட் வார்" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். படத்துக்குக் கீழே நண்பரின் கேள்வி: "ஒரிஜினலா? வாங்கலாமா?"

நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? இதை அணிந்திருந்தவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

இரண்டாவது கேள்வியில் பலரும் திகைக்கிறார்கள். விமானப்படை பேட்ஜ் என்றால் விமானிதானே என்கிறார்கள். அந்த எண்ணத்தை வைத்துத்தான் கடைக்காரர் விலை சொல்கிறார். ஒரு விமானி மேலே போக வேண்டுமென்றால் கீழே எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கணக்கு எழுத, கிடங்கைப் பார்க்க, சமைக்க, தொலைபேசி இணைப்புக் கொடுக்க, வானிலை குறிக்க, எஞ்சினைப் பிரித்து மாட்ட, வாசலில் நிற்க. இவர்களில் பலர் சிப்பாய்களே அல்ல. ஆனாலும் பலருக்குச் சீருடை இருந்தது, அடையாளம் இருந்தது. ஹிட்லர் காலத்து ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேயில் இந்தப் படிநிலை மிக விரிவானது. நிரந்தர அரசு உத்தியோகஸ்தர்கள் ஒரு வகை, சம்பளத்துக்கு வந்த எழுத்தர்களும் தொழிலாளர்களும் இன்னொரு வகை. தகவல் தொடர்பிலும் விமான எதிர்ப்புப் பிரிவிலும் வேலை செய்த உதவிப் பெண்கள் தனி. 1943 தொடக்கத்திலிருந்து பள்ளிப் பையன்களையும் பீரங்கி உதவியாளர்களாகக் கூப்பிட்டார்கள். பின்னாளில் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் ஆன யோசஃப் ராட்சிங்கரும், எழுத்தாளர் குன்ட்டர் கிராஸும் அப்படிப் போன பையன்கள்தான்.

இத்தனை பேருக்கும் ஒரே கழுகு. அதனால் முதலில் கழுகைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

தரைப்படைக் கழுகு சிறகை இருபுறமும் நேராக விரித்து அசையாமல் நிற்கும். அதன் காலடியில் இலை வளையம், வளையத்துக்குள் ஸ்வஸ்திகா. லுஃப்ட்வாஃபே கழுகு பறந்துகொண்டிருக்கும். உடல் சாய்ந்திருக்கும், வளையம் இல்லாத ஸ்வஸ்திகாவை நகத்தில் பற்றியிருக்கும். தொடக்க கால வடிவத்தில் வால் கீழ்நோக்கி வளைந்திருக்கும். 1930-களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்ததில் வால் நேராகிவிட்டது. வளைந்த வாலுள்ள கழுகு போர்க்கால மலிவு உலோகத்தில் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். வடிவமும் உலோகமும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

சீருடையோடு சேர்ந்து கிடைத்தால் இன்னும் எளிது, காலர்ப் பட்டையின் நிறமே வேலையைச் சொல்லிவிடும். பொன்மஞ்சள் என்றால் பறப்பவர்களும் அவர்களோடு சேர்ந்த பிரிவினரும். சிவப்பு, விமான எதிர்ப்புப் பீரங்கி. பழுப்பு, தகவல் தொடர்பு. கரும்பச்சை இருந்தால் நீங்கள் கையில் வைத்திருப்பது ஓர் உத்தியோகஸ்தரின் உடை. அவர் துப்பாக்கி பிடித்தவராக இருக்க வேண்டியதில்லை. கட்டடப் பொறியாளராகவோ, சம்பளக் கணக்கு பார்த்தவராகவோ இருக்கலாம். கடைக்காரர் அதை "ஆபீசர் கோட்டு" என்பார். ஒரு வகையில் சரிதான், ஆனால் அவர் நினைக்கிற ஆபீசர் அல்ல.

இனி, லுஃப்ட்வாஃபேயே அல்லாதவை. இங்கேதான் நம் ஊரில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு 1919-ன் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு விமானப்படையே கூடாது என்று தடுத்தது. அதனால் விளையாட்டுப் பறத்தல் என்ற பெயரில் 1933-ல் ஒரு சங்கம் தொடங்கி, அதற்குள் விமானிகளைத் தயாரித்தார்கள். 1935-ல் லுஃப்ட்வாஃபேயை வெளிப்படையாக அறிவித்தபோது, அதன் சீருடைக்கு இந்தச் சங்கத்தின் உடையே முன்மாதிரி. பிறகு 1937-ல் நாஜிக் கட்சியின் பறக்கும் அணி வந்தது. சிறகு கட்டிய மனிதன், அதாவது கிரேக்கக் கதையின் இக்காரஸ், அதன் சின்னம். அது கட்சி அமைப்பு, படை அல்ல. பின்பக்கத்தில் இதற்கு ஒரு தடயம் உண்டு. கட்சி அமைப்புகளின் பொருள்களைக் கட்டுப்படுத்திய அலுவலகத்தின் ஆர்இசட்எம் முத்திரை கட்சிப் பொருள்களில் இருக்கும். படைச் சின்னங்களில் பொதுவாக அதற்கு இடமில்லை. லுஃப்ட்வாஃபே கழுகின் முதுகில் ஆர்இசட்எம் அச்சு இருந்தால், போலி செய்தவர் இரண்டு உலகங்களைக் கலந்துவிட்டார் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

அடுத்தது லுஃப்ட்ஷுட்ஸ். வான்வழித் தாக்குதலிலிருந்து மக்களைக் காக்கும் பொதுமக்கள் அமைப்பு. 1933-ல் தொடங்கியது, லுஃப்ட்வாஃபே தளபதி கோயரிங்கின் விமான அமைச்சகத்தின் கீழ் இருந்தது, கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். தலைக்கவசத்தில் சிறகுகளோடு அந்தப் பெயரே எழுதியிருக்கும். "லுஃப்ட்" என்ற முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு விமானப்படை என்று விற்கிறார்கள். இதை அணிந்தவர்கள் தெருவில் மணல் வாளியோடு நின்றவர்கள், இருட்டடிப்பு நேரத்தில் ஜன்னல்களைச் சரிபார்த்தவர்கள், இடிந்த வீட்டுக்குள் போய் ஆட்களைத் தூக்கி வந்தவர்கள். நமக்கு இது அந்நியமான வேலை அல்ல. 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது சென்னையே காலியான கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்போது நம் தெருக்களில் நின்றவர்கள் ஏஆர்பி, அதாவது வான்தாக்குதல் முன்னெச்சரிக்கை வார்டன்கள். பிரிட்டனின் ஏஆர்பி பேட்ஜை வடிவமைத்தவர் எழுத்துரு உலகில் புகழ்பெற்ற எரிக் கில். தொடக்கத்தில் அதை வெள்ளியில் அடித்தார்கள், போர் முற்றியபின் மலிவு உலோகத்துக்கு இறங்கினார்கள். ஒரு நாட்டின் கஜானா எப்படிக் கரைந்தது என்பதை இந்தச் சின்னஞ்சிறு பேட்ஜ்களை வரிசையாக வைத்தே பார்த்துவிடலாம்.

மூன்றாவதாக, அதிகம் பேர் நினைத்தே பார்க்காத கிழக்கு ஜெர்மனி. 1990-ல் இரு ஜெர்மனிகளும் ஒன்றானபோது, கலைந்துபோன ராணுவத்தின் பேட்ஜ்கள் மூட்டை மூட்டையாக உலகச் சந்தைக்கு வந்தன. சுத்தியல், வட்டமானி, கதிர் மாலை இருந்தால் அது கிழக்கு ஜெர்மனியின் சின்னம். இளைஞர்களுக்கு விமானமும் பாராசூட்டும் பழக்கிய அமைப்பின் பேட்ஜ்கள் இதில் நிறைய. இவை அசல்தான், பழையவைதான், ஜெர்மன்தான். ஆனால் இரண்டாம் உலகப் போருக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. இவற்றை எனக்குப் பிடிக்கும். விலை நியாயமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

இப்போது முதுகுப்பக்கம்.

நல்ல பேட்ஜ் அச்சில் அடித்தது. இரண்டு உருக்கு அச்சுகளுக்கு நடுவே உலோகத் தகட்டை வைத்து அழுத்தியிருப்பார்கள். அதனால் இறகு ஒவ்வொன்றும் கூராக இருக்கும், பின்னணி வழவழப்பாக இருக்கும். போலிகளில் பல, அசலிலிருந்து அச்செடுத்து உருக்கி ஊற்றிய வார்ப்புகள். வார்ப்பில் இறகின் முனை மழுங்கும், சின்னச் சின்னக் குமிழ்த் தழும்புகள் தெரியும், ஓரத்தில் ஒட்டுக்கோடு ஓடும். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு நகைக்கடை லென்ஸ் போதும். கழுகின் கண்ணையும் நகத்துக்கும் ஸ்வஸ்திகாவுக்கும் இடையிலுள்ள இடுக்கையும் பாருங்கள். சோம்பேறி வார்ப்பு அங்கேதான் பிடிபடும்.

உலோகமும் பேசும். போருக்கு முந்தையவை நிக்கல் வெள்ளி, தாமிரக் கலவை, அலுமினியம். 1940-க்குப் பிறகு தாமிரமும் நிக்கலும் ஆயுதத்துக்கே போதாமல் போனதால் துத்தநாகத்துக்கு மாறினார்கள். துத்தநாகம் தன் மேல்பூச்சை வைத்துக்கொள்ளாது, காலப்போக்கில் மந்தமான சாம்பல் நிறமாகிவிடும். கொச்சிக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. இங்கே சில காலம் திறந்து கிடந்த துத்தநாக பேட்ஜில் வெள்ளைப் பொடி பூக்கும், இரும்புப் பின் துருவேறும். அப்படியிருக்க, எண்பது ஆண்டுப் பழைய துத்தநாகம் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் பளபளத்தால் அதற்குக் காரணம் கேளுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. அமிலத்தில் முக்கிப் பழசாக்கிய பேட்ஜில் துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். உண்மையான துரு பின்னின் கீலிலும் கொக்கியிலும் தொடங்கிப் பரவும்.

தயாரிப்பாளர் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். லூடன்ஷைட் ஊரின் அஸ்மான் போன்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் குறியைப் போலிக்காரர்கள்தான் முதலில் பொறிக்கிறார்கள். சட்டப் பாதுகாப்பு பெற்ற வடிவம் என்பதைச் சொல்லும் சுருக்கெழுத்துகளும் அப்படியே. முத்திரையின் எழுத்து பேட்ஜோடு சேர்ந்து அடிக்கப்பட்டதா, பிறகு தனியாகக் குத்தப்பட்டதா என்று பார்ப்பது முத்திரையைப் படிப்பதைவிட முக்கியம்.

ஸ்வஸ்திகாவே இல்லாத பழைய ஜெர்மன் பதக்கம் கிடைத்தால் அதையும் உடனே போலி என்று தள்ள வேண்டாம். 1957-ல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. போர்க்கால விருதுகளை ஸ்வஸ்திகா நீக்கிய வடிவத்தில் மட்டும் அணியலாம் என்று. அதன்படி செய்த மறுபதிப்புகள் அவை.

துணி பேட்ஜ் வேறு சமாச்சாரம். சிப்பாய்க்கு இயந்திரத் தையல், அதிகாரிக்கு வெள்ளி ஜரிகைக் கைவேலை, ஜெனரலுக்குத் தங்க ஜரிகை என்று தரம் பிரித்திருந்தார்கள். தைக்காமல் தறியிலேயே தட்டையாக நெய்தவற்றுக்கு வூப்பர்டாலின் பெவோ நிறுவனம் பேர்போனது. ஜரிகைக் கழுகுகளில் இன்று சந்தையிலிருக்கும் பலவற்றின் பிறப்பிடம் நம் துணைக்கண்டம்தான். சியால்கோட்டும் வாரணாசியும் உலகப் படைகளுக்கெல்லாம் ஜரிகை பேட்ஜ் தைத்துக் கொடுக்கிற ஊர்கள். சினிமாவுக்கும் நாடகத்துக்கும் என்று தைத்தது, நான்கு கை மாறியபின் "அசல்" ஆகிவிடுகிறது. தைத்த கைவினைஞரின் திறமையில் ஒரு குறையும் இல்லை, பொய் அதற்குப் பின்னால் சேர்ந்தது.

துணியைச் சோதிக்க, ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு பல கடைகளில் இருக்கும். போருக்குப் பிறகு பரவலான வெண்மையூட்டிகள் சேர்ந்த நூல் அதன் கீழ் நீலமாக ஒளிரும். ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய துணியை இன்றைய சலவைத்தூளில் துவைத்தாலும் ஒளிரும். அதனால் மேற்பரப்பை விட்டுவிட்டுத் தையலின் உட்புறத்தைப் பாருங்கள். நூல் பாலியெஸ்டர் என்றால் கதை முடிந்தது, அது கடைச் சந்தைக்கு வந்ததே 1950-களில்தான்.

முழுக் கோட்டு கிடைத்தால் உள்பக்கத்தைத் திருப்புங்கள். லுஃப்ட்வாஃபே உடைக் கிடங்கின் எல்பிஏ முத்திரையும் ஆண்டும் இருக்கலாம். போரின் பிற்பகுதியில் தயாரிப்பாளர் பெயருக்குப் பதில் நீண்ட எண் ஒன்று வந்தது. இந்தியாவில் துவைத்த உடையாக இருந்தால் சலவைக் குறியையும் தேடுங்கள். ஃபோர்ட் கொச்சியின் வேளியில் இருக்கும் தோபிகானாவுக்குப் போயிருக்கிறீர்களா? ராணுவச் சீருடை வெளுக்க ஒரு காலத்தில் வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். காலருக்குள் இடும் அந்தச் சின்ன மைப்புள்ளிகளும் கோடுகளும் ஒரு சட்டையைப் பல நூறு சட்டைகளுக்கு நடுவே அதன் சொந்தக்காரரிடம் கொண்டு சேர்ப்பவை. பேட்ஜ் சேகரிப்பவர்கள் அதை அழுக்கு என்று நினைத்து அழிக்கப் பார்ப்பதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெர்மன் விமானத் தொழிலில் வேலை செய்தவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல. போலந்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் 1940 மார்ச் ஆணையின்படி, மஞ்சள் சாய்சதுரத்துக்குள் ஊதா நிறப் 'பி' எழுத்துள்ள துணியை மார்பில் தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சோவியத் பகுதிகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களுக்கு 1942 முதல் நீலமும் வெள்ளையுமாக 'ஓஸ்ட்', அதாவது கிழக்கு, என்ற துணி. ஓரானியன்புர்க்கின் ஹைன்கல் விமான ஆலையில் சாக்ஸன்ஹவ்ஸன் வதைமுகாம் கைதிகள் வேலை செய்தார்கள். மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களுக்கு ஃப்ளோஸன்புர்க்கிலும் கூஸனிலும் கைதிகள். அவர்கள் மார்பில் முக்கோணமும் எண்ணும். யூதர்களுக்கு மஞ்சள் நட்சத்திரம். இவையும் விமானப்படையின் சிவிலியன் பேட்ஜ்கள்தான். சம்பளம் கொடுத்தது யார் என்ற என் கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. ஆனால் அந்தப் பதில் இல்லாமையும் கண்டறிதலின் பகுதி. உத்தியோகஸ்தரின் கரும்பச்சைக் காலரையும் இந்தத் துணிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்காதவர் அந்தச் சீருடையைப் புரிந்துகொண்டதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதை யூதத் தெருவில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜன்னல் கம்பிகளில் தாவீதின் நட்சத்திரம் உள்ள வீடுகள் இன்னும் அங்கே இருக்கின்றன. கொச்சி ராஜாக்கள் இடம் கொடுத்த மக்கள் பல நூற்றாண்டு வாழ்ந்த தெரு அது. 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். கையால் பூத்தையல் போட்டு விற்றுவந்த சாரா கோஹன் 2019-ல் தன் 96-வது வயதில் அந்தத் தெருவிலேயே காலமானார். நாஜிக் கழுகை அந்தத் தெருவின் கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசையில் வைப்பது தவறு. நம் வாசல் கோலத்தில் இருக்கும் ஸ்வஸ்திகாவோடு அதைச் சமப்படுத்திப் பேசுவதும் தவறு. ஆராய்ச்சிக்கு வேண்டுபவர் கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துக் காட்டலாம். சட்டையிலோ பைக்கிலோ குத்திக்கொள்ள வாங்குபவருக்கு விற்காமலிருக்கலாம். ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம், கல்வி, ஆய்வு, கலை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. இங்கே அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் மட்டாஞ்சேரிக் கடைக்காரர்களுக்கு அந்த வரலாறு யாரையும்விட நன்றாகத் தெரியும்.

என்னைக் கேட்டால், அதே தட்டில் கழுகுக்கு அடியில் கிடப்பதைக் கிளறுங்கள் என்பேன். எதிரே வில்லிங்டன் தீவு. துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணால் உருவான நிலம். போர்க்காலத்தில் அங்கிருந்த விமானத் தளம் ராணுவத்தின் கையில் இருந்தது, 1953 மே 11-ல் கடற்படையின் ஐஎன்எஸ் கருடா ஆனது. அந்தத் தளத்திலும் துறைமுகத்திலும் சீருடை போட்ட சிப்பாய்களோடு எத்தனையோ சிவிலியன்கள் வேலை பார்த்தார்கள்: கலாசிகள், ஃபிட்டர்கள், காவலாளிகள், பியூன்கள். கலெக்டர் ஆபீஸ் சேவகரின் டவாலியில் மாட்டும் பித்தளை வில்லையைப் போல, இலாகா பெயரும் எண்ணும் வெட்டிய வில்லைகள் இங்கே கிடைக்கின்றன. யாரும் சீண்டுவதில்லை.

இவற்றைக் காலம் குறிப்பது ஜெர்மன் கழுகைவிட எளிது. இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-ல் தொடங்கியது. 1945 மார்ச்சில் "ராயல்" பட்டம் சேர்ந்தது, 1950 ஜனவரி 26-ல் போனது. ஆகவே ஆர்ஐஏஎஃப் என்ற எழுத்துள்ள எதுவும் அந்த ஐந்தாண்டுக்குள் அடங்கும். கிரீடத்தைப் பாருங்கள்: ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்துக் கிரீடத்தின் வளைவு மேலே குவிந்திருக்கும், எலிசபெத் காலத்தது நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். எலிசபெத் 1952-ல் அரியணை ஏறுவதற்குள் நாம் கிரீடத்தையே கழற்றிவிட்டு அசோகரின் சிங்கங்களுக்கு மாறிவிட்டோம். பள்ளம் விழுந்த கிரீடத்தோடு ஒரு இந்திய விமானப்படை பேட்ஜை யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஏதாவது விமானத் தளத்திலோ துறைமுகத்திலோ பட்டறையிலோ வேலை பார்த்தவராக இருந்து, அலமாரியின் அடியில் ஒரு வில்லையோ துணிச் சின்னமோ கிடந்தால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பிராஸோவும் வேண்டாம். முன்னும் பின்னும் நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். அவர் பெயர், பார்த்த வேலை, ஊர், ஆண்டு இவற்றை ஒரு தாளில் எழுதிப் பேட்ஜோடு சேர்த்து உறையில் போட்டுவிடுங்கள். வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர் இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.